யார் எழுதிய பாட்டு? குவீனின் மூன்று தகடுகளும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தீராத வழக்கும்

லண்டனில் 1970ஆம் ஆண்டு உருவான குவீன் என்னும் ராக் இசைக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களை மூன்று குறுந்தகடுகளில் தரும் ‘தி பிளாட்டினம் கலெக்‌ஷன்’ 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. 1981, 1991, 1999 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியே வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்புகள் மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தகட்டுக்குப் பதினேழு என்ற கணக்கில் 51 பாடல்கள். கைப்பேசியிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கும் காலத்தில் தகடு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். இக்குழுவின் நால்வரில் மிகச் சிறப்பாகப் பாட்டு எழுதியவர் யார் என்ற விவாதம் எங்களிடையே பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதை முறையாகக் கேட்டு முடிவுசெய்ய, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அதற்காகவே வாங்கினேன். இந்த மதிப்புரையும் அந்தக் கேள்வியை வைத்தே தொகுப்பை எடைபோடுகிறது.

முதலில் ஒரு விளக்கம். நம் திரைப்பாட்டில் மெட்டு ஒருவருடையது, வரிகள் இன்னொருவருடையவை. ஆகவே ‘எழுதினார்’ என்றதும் நமக்குக் கவிஞர்தான் நினைவுக்கு வருகிறார். குவீனில் ஒரு பாட்டை ஒருவர் எழுதினார் என்றால், பெரும்பாலும் மெட்டும் வரியும் பாட்டின் கட்டுமானமும் அவர் கொண்டுவந்தவை என்று கொள்ள வேண்டும். பாடகரும் பியானோ வாசிப்பவருமான ஃப்ரெட்டி மெர்க்குரி, கிட்டார் வாசித்த பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர், பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் ஆகிய நால்வருமே இவ்வாறு எழுதினார்கள். ஒருவர் எழுத மற்றவர்கள் வாசிக்கும் குழுக்களைப் பற்றி இப்படி ஒரு வழக்கே எழாது.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் கரும்பனைகளும் நிறைந்த கொழிஞ்சாம்பாறைக்கு இத்தகைய வழக்கு புதிதன்று. எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி எங்களுக்கு அண்டை ஊர். விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இருவர் பெயரில் வந்த பாட்டில் எந்த மெட்டு யாருடையது என்ற பேச்சு, அவர்கள் 1965இல் பிரிந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இங்குள்ள பெரியவர்களிடையே ஓயவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த நாங்கள் மூவர் குவீனை வைத்து அதே வழக்கை நடத்துகிறோம். கடைவீதியில் வானொலியும் ஒலிபெருக்கியும் பழுதுபார்க்கும் அண்ணன் டீக்கனின் பக்கம். தமிழ்வழிப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் என் அக்கா பிரையன் மேயின் பக்கம். பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் நான் மெர்க்குரியின் பக்கம். அவரவர் தொழிலே அவரவர் தீர்ப்பை எழுதிவிட்டது என்று அக்காவின் கணவர் சொல்வதுண்டு; அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை என்பதை மூன்று தகடுகளையும் வரிசையாகக் கேட்டபோது உணர்ந்தேன்.

முதல் தகடுதான் இந்தத் தொகுப்பின் உயிர். 1981 அக்டோபரில் வெளிவந்த அந்தத் தொகுப்பு, பிரிட்டனில் இதுவரை மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்பு. 70 லட்சம் என்ற எண்ணிக்கையை அங்கே முதலில் கடந்தது அதுதான். அதிலுள்ள பதினேழு பாட்டுகளையும் எழுதியவர் வாரியாக ஒரு நோட்டில் பிரித்தேன். மெர்க்குரி பத்து, மே ஐந்து, டீக்கன் இரண்டு, டெய்லர் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை தகுதியாகாது என்பதை அறிவேன். ஆனால் அந்தப் பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், எண்ணிக்கையைவிடப் பெரிய ஒரு செய்தி தெரிகிறது: பத்தில் எந்த இரண்டும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. ‘சம்படி டு லவ்’ அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் கூட்டுப்பாடலைப் போல எழுகிறது. பெரிய பாடகர் குழு என்று நாம் நினைப்பது மெர்க்குரி, மே, டெய்லர் மூவரும் தங்கள் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிவுசெய்தது. ‘கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்’ எல்விஸ் பிரெஸ்லியின் காலத்துத் துள்ளலைக் கொண்டது. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து விடுதியில் குளித்துக்கொண்டிருந்தபோது உதித்த அந்தப் பாட்டை, தமக்கு அவ்வளவாக வசப்படாத கிட்டாரில் சில நிமிடங்களில் அமைத்ததாக மெர்க்குரி சொல்லியிருக்கிறார். ‘குட் ஓல்டு ஃபேஷன்டு லவர் பாய்’ பழைய ஆங்கில நாடகக் கொட்டகையின் பாட்டு. ‘பைசைக்கிள் ரேஸ்’ தாளத்தை நடுவில் மாற்றி, மிதிவண்டி மணிகளையே இசைக்கருவியாக்குகிறது. இவற்றை எழுதியவர் ஒருவரே என்று முன்பின் அறியாத ஒருவரிடம் சொன்னால் நம்புவது கடினம்.

‘போஹீமியன் ராப்சடி’யைப் பற்றி ஆர்மோனியக்காரனாகச் சில சொற்கள் சொல்ல வேண்டும். 1975 அக்டோபர் 31 அன்று வெளிவந்த அந்தப் பாட்டு ஐந்து நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி நீள்கிறது. பல்லவி என்று எதுவும் திரும்பி வருவதில்லை. குரல்களால் ஒரு தொடக்கம், பியானோவோடு ஓர் ஒப்பாரி, கிட்டார் தனி, இத்தாலிய ஆப்பெரா போன்ற ஒரு நாடகம், முழு வேகத்தில் ராக், கடைசியில் மீண்டும் தணிவு. நம் ராகமாலிகையில் ராகம் மாறினாலும் தாளம் ஒன்றாக நின்று கையைப் பிடித்துக்கொள்ளும். இங்கே சுருதி, நடை, கருவிகள், பாடும் முறை எல்லாமே மாறுகின்றன, ஆனாலும் பாட்டு அறுந்துபோவதில்லை. அது நடப்பது ஆறரைக் கட்டையிலும் இரண்டரைக் கட்டையிலும். பியானோவின் கறுப்புக் கட்டைகளை நாடும் சுருதிகள் இவை, கிட்டாருக்கு இயல்பாக வருபவை அல்ல. விரல்களைப் பழகிய இடத்துக்குப் போக விடாமல் மே வாசித்த அந்தத் தனி, மெர்க்குரியின் எழுத்தினால்தான் அப்படிப் பாடுகிறது என்பது என் வாதம். நடுவிலுள்ள ஆப்பெராப் பகுதியை மட்டும் பதிவுசெய்ய ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. எந்தக் குரல் எங்கே வர வேண்டும் என்பது மெர்க்குரியின் மனத்தில் முன்பே முழுமையாக இருந்ததாக உடனிருந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். ஒரு குழு சேர்ந்து விளையாடிக் கண்டடைந்த பாட்டு அன்று அது. ஒருவர் மனத்தில் கட்டி முடித்து வெளியே கொண்டுவந்த பாட்டு.

அக்கா இதை மறுக்கவில்லை. தன் பக்கத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது ‘வீ வில் ராக் யூ’. 1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகரத்து பிங்லி ஹால் அரங்கில், நிகழ்ச்சி முடிந்த பின்னும் கூட்டம் கலையாமல் குழுவுக்காகப் பாடிக்கொண்டு நின்றது. கூட்டம் கேட்பதோடு நில்லாமல் தானும் வாசிக்கும்படி ஒரு பாட்டு எழுத வேண்டும் என்று மே அன்று நினைத்தார். நெருக்கி நிற்கும் மனிதரால் என்ன செய்ய முடியும்? காலைத் தரையில் தட்டலாம், கை தட்டலாம், பாடலாம். அந்த மூன்றிலிருந்தே பாட்டு பிறந்தது. கடைசிக் கிட்டார் வரும்வரை அதில் கருவி எதுவும் இல்லை. டிரம்ஸ் வாசிக்கப்படவே இல்லை. முன்பு தேவாலயமாக இருந்த லண்டன் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் பலகைகள்மேல் கால்தட்டிப் பதிவுசெய்து, அந்த ஒலியைப் பல தாமதங்களில் அடுக்கினார்கள். தாமதங்கள் ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில் இருந்தால் எதிரொலியாகக் கேட்டுவிடும் என்பதால், பகா எண்களின் அடிப்படையில் மே அவற்றை அமைத்தார். பின்னாளில் 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற மனிதர் அவர். அக்கா தன் வகுப்பில் இதைச் சொல்லி ஒலி அலைகளைக் கற்பித்திருக்கிறாள். எனக்கோ அதைக் கேட்கும்போது எங்கள் பக்கத்தில் ‘வேலை’ எனப்படும் கோயில் திருவிழாக்களின் செண்டை மேளம் நினைவுக்கு வருகிறது: கலைஞர்கள் வாசிக்க, எதிரே நிற்கும் ஊர் முழுவதும் கையை உயர்த்தித் தாளம் போட்டு மேளத்தை நடத்திச் செல்கிறது. கூட்டத்தையே கருவியாக்கும் எளிமை மெர்க்குரிக்கும் வாய்த்தது, ஆனால் மே அளவுக்கு அன்று. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மேயின் மற்றப் பாடல்களில் இந்தத் தகடு அவருக்கு நியாயம் செய்யவில்லை. ‘சேவ் மீ’ மட்டுமே அவருடைய உருக்கத்தைக் காட்டுகிறது. அக்கா உயிராக மதிக்கும் பாட்டு ‘தேர்ட்டி நைன்’. விண்வெளிப் பயணம் போனவர்களுக்கு ஓர் ஆண்டு கழிய, பூமியில் நூறு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வருபவர் தம் மனைவியின் கண்களை அவள் வழிவந்த ஒருத்தியிடம் பார்க்கிறார். சார்பியல் கோட்பாட்டை நாட்டுப்புறப் பாட்டாக ஆக்கிய அந்த ஒன்று மூன்று தகடுகளிலும் எங்குமே இல்லை. வெற்றிப் பாடல் தொகுப்பை வைத்து எழுத்தைத் தீர்ப்பதில் உள்ள குறை இங்கேதான் வெளிப்படுகிறது.

பழுதுபார்க்கும் அண்ணனின் கட்சி டீக்கன். குப்பையில் கிடந்த ஒரு மின்சுற்றுப் பலகையை எடுத்து டீக்கன் தாமே ஒரு சிறு ஒலிபெருக்கியைச் செய்ததும், மே அதைப் பல ஆண்டுகள் ஒலிப்பதிவில் பயன்படுத்தியதும் அவருக்கு மனப்பாடம். டீக்கன் மின்னணுவியல் படித்தவர். குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர். குறைவாகப் பேசி, குறைவாக எழுதியவர். முதல் தகட்டில் அவருடையவை இரண்டே பாட்டு, இரண்டும் உலகப் புகழ்பெற்றவை. தம் மனைவிக்காக எழுதிய ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்டு’ பாட்டில் மின்பியானோவை அவரே வாசித்தார், ஏனென்றால் அந்தக் கருவியை மெர்க்குரிக்குப் பிடிக்கவில்லை. ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ 1980இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதைத் தனிப்பாட்டாக வெளியிடச் சொல்லி ஊக்கியவர் மைக்கேல் ஜாக்சன். அந்தப் பாட்டின் பேஸ் கிட்டார் வரியில் எத்தனை இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன என்பதை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால்தான் தெரியும் என்று அண்ணன் தம் கடையிலேயே ஒருநாள் போட்டுக் காட்டினார். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசிப் பனை ஓலைகள் இரைந்துகொண்டிருந்ததால், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டோம். உண்மைதான். எதை வாசிக்காமல் விடுவது என்பதையும் எழுதிய மனிதர் அவர். மும்மூர்த்திகளில் தியாகராஜரைப் போலப் பெருக எழுதாமல் குறைவாக எழுதிய சியாமா சாஸ்திரியை அதனால் எவரும் குறைத்து மதிப்பதில்லை என்று அண்ணன் சொன்னபோது, என்னிடம் விரைவில் எடுத்துவைக்க மறுமொழி இல்லை. பின்னர் தோன்றியது இது: சியாமா சாஸ்திரியின் ஸ்வரஜதிகளில் ஒரு முழு உலகம் இருக்கிறது, டீக்கனின் பாட்டுகளில் ஒரு மிக அழகான அறை இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

டெய்லருக்கு முதல் தகட்டில் இடமே இல்லை என்பதை முன்பே சொன்னேன். ‘போஹீமியன் ராப்சடி’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் அவருடைய ‘ஐ’ம் இன் லவ் வித் மை கார்’ இடம்பெற்றது. தட்டு விற்ற கணக்கில் மறுபக்கத்துக்கும் சமமான பங்கு வந்ததால், எழுத்தின் உரிமைப்பணம் குழுவுக்குள் கசப்பை உண்டாக்கியது. இவ்வழக்கின் வேர் பணத்திலும் இருந்தது என்பதற்கு அது சான்று.

இரண்டாவது தகட்டில் நிலைமை தலைகீழாகிறது. 1981 முதல் 1991 வரையிலான பாட்டுகள் அதில் உள்ளன. என் நோட்டில் பிரித்தபோது, பதினேழில் பத்துப் பாட்டுகள் எந்தத் தனி ஆளின் பெயரிலும் வரவில்லை. 1989இல் வந்த ‘தி மிரக்கிள்’ முதல், யார் எழுதினாலும் எல்லாப் பாட்டுக்கும் குவீன் என்ற பெயரையே போடுவது என்று நால்வரும் முடிவெடுத்தார்கள். ஆங்கிலப் பாடகர் டேவிட் பௌவியோடு சேர்ந்து செய்த ‘அண்டர் பிரஷர்’ அதற்கு முன்பே ஐவர் பெயரில் வந்தது. அதன் பேஸ் வரி யாருடையது என்பதில் அங்கிருந்தவர்களே வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி வழக்கு இங்கே முழு உருவில் வந்து நிற்கிறது: பெயர் ஒன்றாகிவிட்டால் காதுதான் பிரிக்க வேண்டும். இத்தகட்டை விற்பவர்கள் ஒவ்வொரு பாட்டின் விதை யாரிடமிருந்து வந்தது என்று விரிவாக அச்சிட்டுத் தந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ பயனாக இருக்கும். ஆனால் நால்வரும் மறைக்க விரும்பியதை வெளியிடச் சொல்வது சரியா என்ற எண்ணமும் எனக்கு உண்டு.

பெயர் வெளிப்படையாக உள்ள ஏழில் மெர்க்குரிக்குத் தனியாக ஒன்றே ஒன்று, ‘இட்ஸ் எ ஹார்டு லைஃப்’. ‘ஃபிரெண்ட்ஸ் வில் பி ஃபிரெண்ட்ஸ்’ டீக்கனோடு சேர்ந்தது. மாறாக, ‘ரேடியோ கா கா’வும் ‘எ கைண்டு ஆஃப் மேஜிக்’கும் டெய்லருடையவை, ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’ டீக்கனுடையது, ‘ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்’, ‘ஹாமர் டு ஃபால்’ இரண்டும் மேயினுடையவை. ‘ரேடியோ கா கா’வின் தொடக்கம் டெய்லரின் சிறு மகன் சொன்ன ஒரு மழலைச் சொல். 1985 ஜூலை 13 அன்று பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டு இசைநிகழ்ச்சியில் அந்தப் பாட்டுக்கு லண்டனின் வெம்ப்ளி அரங்கமே ஒன்றாகக் கைதட்டிய காட்சியைப் பார்த்தவர் எவரும், டெய்லரைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. இருந்தும் என் மனத்தில் நின்றவை மேயின் பாட்டுகளே. மெர்க்குரி 1991 நவம்பர் 24 அன்று மறைந்தார். அந்த ஆண்டு வந்த ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’ நால்வர் பெயரில் இருந்தாலும் அதன் பெரும்பகுதி மே எழுதியது. நோய் முற்றிய நண்பர் பாடுவதற்காக, அந்த நண்பரின் மனத்தையே வரிகளாக்கிக் கொடுப்பது எத்தகைய எழுத்து! அந்த உயரத்தில் பாட முடியுமா என்று மே தயங்கியதும், மெர்க்குரி பாடிக்காட்டியதும் பலரும் அறிந்தது. இந்தப் பாட்டு ஓடும்போது நான் என் கட்சியைப் பேசுவதில்லை.

மூன்றாவது தகட்டைப் பொறுத்தவரை விரைந்து சொல்லிவிடலாம். தனியாள் வெளியீடுகள், பிறர் பாடிய மேடைப் பதிவுகள், மறுகலவைகள் என்று அது கலந்துகட்டியது; எழுத்தைப் பற்றிய கேள்விக்கு அதிலிருந்து கிடைப்பது குறைவு. டெய்லர் எழுதிய ‘தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ மட்டும் விதிவிலக்கு. அவரைக் குறைத்துப் பேசுபவர்கள் அதை ஒருமுறை அமைதியாகக் கேட்க வேண்டும்.

ஒலியின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. முதல் தகட்டின் குரலடுக்குகள் எங்கள் அண்ணன் பழுதுபார்த்துத் தந்த பழைய பெட்டியிலேயே தெளிவாகப் பிரிந்து கேட்டன. நான் இணையவழியில் பழைய பிரதியாக வாங்கியதால், பெட்டியின் கீல் உடைந்தும் இரண்டாவது தகட்டில் கீறல் விழுந்தும் வந்தது. விற்றவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். பழைய பிரதி வாங்குபவர்கள் தகட்டின் அடிப்பக்கப் படத்தைக் கேட்டுப் பெற்றபின் பணம் கட்டுவது நல்லது.

இந்த வழக்குக்காகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. மூன்று தகட்டுப் பெட்டிக்குப் பதிலாக முதல் இரண்டு தொகுப்புகளை மட்டும் வாங்கி, அவற்றோடு 1975இல் வந்த ‘எ நைட் அட் தி ஆப்பெரா’ தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நால்வரின் எழுத்தையும் ஒரே ஆண்டில், ஒரே ஒலிப்பதிவில், அதில் அருகருகே கேட்கலாம்: மெர்க்குரிக்கு ஐந்து, மேக்கு நான்கு, டெய்லருக்கும் டீக்கனுக்கும் ஒவ்வொன்று. அக்காவின் ‘தேர்ட்டி நைன்’ அங்கே இருக்கிறது. மெர்க்குரி வேறெந்தப் பகட்டும் இல்லாமல் எழுதிய ‘லவ் ஆஃப் மை லைஃப்’ இருக்கிறது. அவரை வெறும் நாடகக்காரர் என்பவர்களுக்கு அதுவே போதிய மறுமொழி. என் தீர்ப்பு இன்னும் மெர்க்குரிதான். மற்ற மூவரும் மிக நல்ல பாட்டுகளை எழுதினார்கள். அவர் எழுதுவதற்கு முன் அப்படி ஒரு பாட்டு இருக்கக்கூடும் என்றே எவருக்கும் தெரியாத பாட்டுகளை எழுதினார். ஆனால் அந்த இரண்டாவது தகட்டுக்குப் பிறகு, முன்புபோல் குரலை உயர்த்தி இதைச் சொல்வதில்லை.

மூன்றாவது தகட்டில் ‘நோ ஒன் பட் யூ’ என்று ஒரு பாட்டு உள்ளது. மெர்க்குரி இல்லாத குழுவாக மற்ற மூவரும் 1997இல் பதிவுசெய்தது. மே எழுதியது, மேயும் டெய்லரும் பாடியது. டீக்கன் அவர்களோடு சேர்ந்து வாசித்த கடைசிப் பதிவு அதுவே; அதன்பின் அவர் இசையுலகை விட்டு விலகி வீட்டோடு இருந்துவிட்டார். பாட்டாக அது மேயின் சிறந்தவற்றில் ஒன்று என்று அக்காவே சொல்ல மாட்டாள். அண்ணன் கடையில் அதைப் போட்டபோது அவர் ஒலியின் தாழ்பகுதியை மட்டும் சற்றே கூட்டிவிட்டு, பாட்டு முடியும்வரை கையிலிருந்த பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.